எந்த வயரைக் கழற்றுவது

கடைசிக்கு முந்தைய வகுப்பு அது. அறையில் ஐந்து பேர் இருந்தார்கள். ஜன்னலோரமாக, மின்விசிறிக்கு நேர் கீழே ராஜ்மோகன் உட்கார்ந்திருந்தார். டவுன் பஸ்ஸில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர், எங்கே போனாலும் வாசலைப் பார்த்தபடிதான் உட்காருவார். அவருக்கு ஒரு நாற்காலி தள்ளி மருந்துக்கடை ஷபானா, மடியில் சாப்பாட்டுப் பையோடு. பின்வரிசையில் கல்யாண வீடுகளில் மைக் பிடிக்கிற ஜெரால்டு, முன் நாற்காலியின் கம்பியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு. மேசைக்குப் பின்னால் இருக்க வேண்டிய ஆசிரியை நேத்ரா மேசையின் மேலேயே சம்மணம் போட்டிருந்தாள். வயது இருபத்தாறு, ஆனாலும் ராஜ்மோகன் உட்பட எல்லோருக்கும் அவள் ‘மிஸ்’. ஐந்தாவது ஆள் பிருந்தா. வெள்ளைப் பலகைக்குப் பக்கத்தில், யாரும் முகத்தை நேராகப் பார்க்க முடியாதபடி சுவரோடு ஒட்டிய நாற்காலி அவளுடையது.

காந்திபுரத்தில் பம்புசெட் கடை ஒன்றுக்கு மேலே, மூன்றாவது மாடியில் இருந்தது அந்த அறை. மேடையில் நின்று சொல்கிற குட்டி ஜோக்குகளை எழுதக் கற்றுக்கொடுத்தார்கள். பிருந்தாவுக்கு ஐம்பத்தோரு வயது. சூலூரில் பள்ளிக்கூட வேன் கம்பெனி ஒன்றில் போன் எடுக்கிற வேலை. “வேன் இன்னும் வரல” என்று கத்துகிற பெற்றோரிடம் “தோ வந்துட்டே இருக்குங்க” என்று சொல்வதைத் தவிர அவள் யாரையும் சிரிக்க வைத்ததில்லை.

“அடுத்த சனிக்கிழமை மேடை. ஆளுக்கு ஒரு ஜோக்கு. யார் மொதல்ல?” என்றாள் நேத்ரா.

ராஜ்மோகன் எழுந்து நின்றார். உட்கார்ந்தபடி பேசி அவருக்குப் பழக்கமில்லை.

“முப்பது வருசம் கண்டக்டரா இருந்தேனுங்க மிஸ். ரிட்டயர் ஆகி ஊட்டுக்கு வந்தா, பொண்டாட்டி சொல்றா: ‘உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல நிக்காதீங்க.’”

ஷபானா பையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நேத்ராவும் சிரித்தாள். சிரித்து முடித்ததும் தலையை ஆட்டினாள்.

“நல்லாருக்கு சார். ஆனா இதுல சதை ஜாஸ்தி. எலும்ப மட்டும் சொல்லுங்க.”

“எலும்புங்களா?”

“ஊருக்கெல்லாம் சொன்ன வார்த்தைய, வீட்டுல அவருக்கே திருப்பிச் சொல்றாங்க. இதான் எலும்பு. மேடையில நீங்க இவ்வளவு சொன்னாப் போதும். கேக்கறவங்க காதுல இருக்கற முத்து, மிச்சத்த உங்க குரல்லயே போர்த்திக்கும். வாத்தியார் உக்காந்திருந்தா அவருக்கு ‘கையக் கட்டி உக்காரு’ன்னு கேக்கும். நர்ஸுக்கு ‘ஊசி போட்டா வலிக்காது, திரும்பிப் படு’ன்னு கேக்கும்.”

“அப்ப என்ற பொண்டாட்டி?”

“அவங்க உங்க காதுக்கு மட்டும்தான் சார்.”

ராஜ்மோகன் உட்கார்ந்தார். மனைவியை வாசலிலேயே இறக்கிவிட்டு வந்ததுபோல அவர் முகம் இருந்தது.

காதுமுத்து வந்து வெகுகாலம் ஆகிவிடவில்லை. ஆனாலும் அது இல்லாத அரங்கை யாரும் இப்போது நினைத்துப் பார்ப்பதில்லை. பட்டாணி அளவுதான் இருக்கும். போட்டுக்கொண்ட ஆளை அது நாளெல்லாம் படித்துக்கொண்டிருக்கும்: எதற்குச் சிரிக்கிறார், எதற்கு மூச்சு நிற்கிறது, தனியாக என்ன முணுமுணுக்கிறார் என்று. பிறகு, யார் எதைப் பேசினாலும் பேசுகிறவரின் குரலிலேயே அந்த ஆளுக்குத் தகுந்தபடி மாற்றிக் காதுக்குள் சொல்லும். பயிற்சியில் சேர்ந்தவர்களுக்கும் ஆளுக்கொன்று கொடுத்திருந்தார்கள்; வகுப்பு நேரத்தில் மட்டும் கழற்றி வைத்துவிட வேண்டும்.

“ஏன் மிஸ், மின்னாடி எல்லாரும் ஒரே ஜோக்கயா கேட்டாங்க?” என்றாள் ஷபானா.

“ஆமாக்கா. ஹால் பூரா ஒரே ஜோக்கு. அதுல நாலு பேர் எந்திரிச்சு சண்டைக்கு வருவாங்க. எங்க சித்தப்பா ஒரு சாமி ஜோக்கு சொல்லிட்டு அஞ்சு வருஷம் கோர்ட்டுக்கு நடந்தார். இப்ப பாருங்க, கேஸும் இல்ல, அடிதடியும் இல்ல. யாருக்கும் வலிக்கறதில்ல.”

“அப்ப நாம எதுக்கு?” என்றார் பின்வரிசை ஜெரால்டு.

“எலும்பு நம்மளுதுதானே” என்றாள் நேத்ரா. பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னாள்: “போன வாரம் ஒருத்தர் செல்ஃபி எடுத்துக்கிட்டார். ‘உங்க பல் டாக்டர் ஜோக்க நெனச்சு நெனச்சு சிரிச்சேன்’னார். தேங்க்ஸ்னு சொன்னேன். நான் பல் டாக்டர் ஜோக்கே எழுதினதில்ல.”

பிருந்தாவின் முறை வந்தது. அவள் தாளைப் பார்க்கவில்லை. மனப்பாடமாகிப் போயிருந்தது.

“எங்கூட்டுத் தண்ணி மோட்டாரு வருசத்துக்கு ஒருக்காத்தான் ரிப்பேர் ஆகும். செரி பண்ண வர்றவரு தங்கமான மனுசன். இப்பல்லாம் வாரா வாரம் ரிப்பேர் ஆகுது. எந்த வயரக் கழட்டோணும்னு நான் கத்துக்கிட்டேன்.” மூச்சு வாங்கினாள். “அடுத்த மாசத்துல இருந்து அந்தத் தொல்ல இல்ல. அவரு எங்கூட்டுக்கே வந்தர்றாரு.”

ஜெரால்டு நாற்காலிக் கம்பியில் இருந்து காலை எடுத்துவிட்டுக் கைதட்டினார். “நெசமாவா ஆன்ட்டி?” என்றாள் நேத்ரா.

“சும்மா, கற்பனைங்க மிஸ்.”

கற்பனையில்லை. கோவை ராமநாதபுரத்தில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிற பூபதிதான் அந்த மனிதர். பிருந்தாவின் கணவர் போய்ச் சேர்ந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. பூபதிக்குக் கல்யாணமே ஆகவில்லை. ரிஜிஸ்டர் ஆபீசில் மனுக் கொடுத்துவிடலாம் என்று இருவரும் பேசி முடித்தாயிற்று. பூபதி ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: “தம்பிகிட்ட நீங்க சொல்லீருங் அம்மிணி. பையனுக்குத் தெரியாம நான் அந்தப் படி ஏறமாட்டேன்.”

தம்பி என்றது பிருந்தாவின் மகன் தர்ஷித்தை. ஓசூரில் வேலை. ஊருக்கு வரும்போதெல்லாம் பிருந்தா ஆரம்பிப்பாள். “தர்ஷித்து, உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும்” என்பாள். அவன் நிமிர்ந்து பார்ப்பான். அவன் அப்பாவின் கண்கள். “ரசம் ஊத்தட்டுமா?” என்று முடிப்பாள். அவன் முகம் துளி சுருங்கினாலும் அந்த இடத்திலேயே எல்லாவற்றையும் விழுங்கிவிடுவாள். தன்னைப் பற்றி அவளுக்குத் தெரியும். ஜோக்காகச் சொன்னால் தேவலை என்று தோன்றியது. சிரித்தானென்றால் மேலே பேசலாம். சிரிக்காவிட்டால், ஜோக்குத்தானே என்று விட்டுவிடலாம். அதற்காகத்தான் மூன்று மாடி ஏறினாள்.

நேத்ரா பலகையில் எழுதினாள்: கெடுக்கிறவரே சரி பண்ண ஆள் கூப்பிடுகிறார்.

“இதான் உங்க எலும்பு ஆன்ட்டி. அழகான எலும்பு.”

“அந்தக் கடைசி வரி? வீட்டுக்கே வர்றது?”

“அது சதை. அதை முத்து பாத்துக்கும்.”

பிருந்தா சரியென்று தலையாட்டினாள். மனசுக்குள் வேறு முடிவு எடுத்திருந்தாள். மேடையில் முழுசாகச் சொல்லிவிடுவது. பேர் ஊரோடு சொல்லிவிட்டால் முத்து அதில் போர்த்துவதற்கு என்ன மிச்சம் இருக்கப்போகிறது?

சனிக்கிழமை அரங்கு நிரம்பியிருந்தது. தர்ஷித் மூன்றாவது வரிசையில், ஓசூரில் இருந்து நேராக வந்த கசங்கிய சட்டையோடு. பூபதி கடைசி வரிசை ஓரத்தில். விரல் நகங்களில் வார்னிஷ் கறை போகாமல் இருந்ததால் கைகளைத் தொடைக்கடியில் வைத்திருந்தார். மேடையில் நிற்கிறவர்களுக்கு மட்டும் முத்து கிடையாது. பிருந்தா ஏறினாள். விளக்கு கண்ணில் அடித்தது. எலும்பை விட்டுவிட்டு, எழுதியதை எழுதியபடி, ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னாள். ‘மோட்டாரு’ என்ற இடத்தில் ‘பூபதி கட்டித் தந்த மோட்டாரு’ என்று கூடச் சேர்த்தாள்.

அரங்கு சிரித்தது. அங்கங்கே, வேறு வேறு நேரத்தில், தனித்தனியாகச் சிரித்தது. அவள் பார்த்தது இரண்டு பேரை மட்டும். தர்ஷித் முன்னால் குனிந்து, தோள் குலுங்கச் சிரித்தான். நிமிர்ந்தபோது கண்ணைத் துடைத்தான். பூபதி தொடைக்கடியில் இருந்த கையை எடுத்து நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

ஆச்சு, என்று நினைத்துக்கொண்டே பிருந்தா இறங்கினாள். இத்தனை வருடம் தொண்டையில் நின்றது, ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

மாடிப்படி முடிகிற இடத்தில் தர்ஷித் நின்றிருந்தான். பார்த்தவுடன் கட்டிப்பிடித்துக்கொண்டான். பத்தாவது படித்தபோது கடைசியாக அப்படிச் செய்திருக்கிறான்.

“ம்மா, எப்படிம்மா உனக்கு இப்படியெல்லாம் வருது?”

“கோவமில்லையே சாமி?”

“கோவமா? எனக்கு வெக்கமா இருக்கும்மா. இத்தன நாள் எனக்கே தோணியிருக்கணும். நீயா சொல்ற வரைக்கும் விட்டுட்டேன்.”

பிருந்தாவுக்குக் கண் நிறைந்தது. “அவருதான் உன்ற வாயால சரின்னு சொல்லோணும்னு காத்துட்டு இருக்கறாரு.”

“யாரு, ஹவுஸ் ஓனரா? அவர்கிட்ட நான் பேசிக்கறேன். ரெண்டு பெட்ரூம் வீடா பாத்துட்டேன்னு வெச்சுக்கோ, காத்து வர்ற ரூம் உனக்குத்தான்.”

“எனக்கா?”

“பின்ன? ஓசூர் குளுரு உனக்கு ஒத்துக்கும்மா. வேன் கம்பெனில இந்த மாசமே சொல்லிரு.”

பிருந்தாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கல்யாணம் முடிந்து தாங்கள் இருவரும் ஓசூருக்குப் போக வேண்டும் என்கிறானா? பூபதி பட்டறையை என்ன செய்வார்?

“மோட்டாரக் கெடுத்தத நெனச்சு நீ தப்பா எடுத்துக்காத, கண்ணு.”

“மோட்டாரா?” தர்ஷித் சிரித்தான். “போனும்மா. போன நீதான் கெடுத்தியாமே. ‘என்ற போனு வருசத்துக்கு ஒருக்காத்தான் ரிப்பேர் ஆகும், செரி பண்ண என்ற பையன் வருவான், இப்பல்லாம் மாசாமாசம் ரிப்பேர் ஆகுது, எந்த பட்டன அமுக்கோணும்னு நான் கத்துக்கிட்டேன்.’ அப்பறம் கடைசியா, ‘அடுத்த மாசத்துல இருந்து அந்தத் தொல்ல இல்ல, நான் அவன் ஊட்டுக்கே போயர்றேன்.’ ம்மா, பக்கத்துல இருந்தவன் என்ன பாத்தான், நான் அழுதுட்டேன்.”

அவள் வாயைத் திறந்தாள். அவன் சந்தோஷமாக இருந்தான். நெற்றியில் ஒரு சுருக்கம் இல்லை. அதைப் பார்த்துக்கொண்டே, “இல்ல தர்ஷித்து, நான் சொன்னது பூபதி...” என்றாள்.

“ஆமா, அவரும் வந்திருந்தாரு, பாத்தேன். பாவம், நல்ல மனுஷன்.” பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவள் கையை அழுத்திவிட்டு ஓடினான். அவன் காதுக்குள் அவனுடைய சொந்த முத்து மினுங்கியது. அது அரங்கில் கொடுத்தது இல்லை. ராத்திரி பகல் அவன் கழற்றாதது.

பூபதியைத் தேடினாள். அவர் அவளைப் பார்க்காமலே போய்விட்டிருந்தார்.

திரும்ப மாடி ஏறினாள். நேத்ரா ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

“ஏன் ஆன்ட்டி, எலும்பைத்தானே சொல்லச் சொன்னேன்? நீங்க முழுக்கோழிய எறக்கிட்டீங்க!”

“முழுசாச் சொன்னா மாத்தாதுன்னு நெனச்சனுங்க மிஸ்.”

“நீங்க எவ்வளவு சொன்னாலும் அது உரிச்சிட்டு மறுபடி போர்த்தும். அது வேலையே அதுதானே.” பிருந்தாவின் முகத்தைப் பார்த்ததும் ஒயரைக் கீழே வைத்தாள். “என்னாச்சு?”

பிருந்தா சொன்னாள். கற்பனை இல்லை என்பதில் ஆரம்பித்து, ஓசூர் குளிர் வரைக்கும் சொன்னாள். நேத்ரா நகத்தைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

“என்ற பையனுக்கு மட்டும் ஏன் அப்படிக் கேட்டுது?”

“அவனுக்கு எது சிரிப்பும் அழுகையுமா வருமோ அதைக் குடுத்திருக்கு. அம்மா தன்னத் தேடணும்னு ஆசைப்பட்டிருப்பான், பாவம். சிலருக்கு ஆசையில இருந்து எடுக்கும், சிலருக்குப் பயத்துல இருந்து எடுக்கும். ரெண்டுலயும் சிரிப்பு இருக்கு.”

“அவன் கேட்டது பொய்யில்லீங்களா?”

“பொய்யின்னு எப்படிச் சொல்றது?” நேத்ரா உண்மையாகவே குழம்பினாள். “எலும்பு உங்களுதுதானே. கெடுத்தவங்களே கூப்பிடறாங்க. நீங்க அவன வரவெக்க ஒரு நாளும் போன் கெட்டுப்போச்சுன்னு சொன்னதில்லையா?”

பிருந்தா தீபாவளிக்கு முன்னால் ஒரு தடவை சொல்லியிருக்கிறாள்.

“எல்லாம் பதிவாகியிருக்கு. ஆனா ஒருத்தர் கேட்டத இன்னொருத்தருக்குப் போட்டுக் காட்டக் கூடாது, சட்டம். உங்க காதுக்கு எப்படி வருதுன்னு வேணா கேளுங்க. பயிற்சி முத்து உங்கள நல்லாவே படிச்சிருக்கும்.”

பிருந்தா போட்டுக்கொண்டாள். தன் குரலைத் தானே கேட்பது கூச்சமாக இருந்தது. மோட்டார் வந்தது. தங்கமான மனுசன் வந்தார். வாரா வாரம் ரிப்பேர் வந்தது. அப்புறம் அவளுடைய அதே குரல் சொன்னது: “எந்த வயரக் கழட்டோணும்னு என்ற பையன் கத்துக்கிட்டான். அடுத்த மாசத்துல இருந்து அந்தத் தொல்ல இல்ல. ‘அவரு இங்கயே இருக்கட்டுமேம்மா’ங்கறான்.”

பிருந்தா வாய்விட்டுச் சிரித்தாள். தடுக்க முடியவில்லை. சிரிப்பு அடங்குவதற்குள் முத்தைக் கழற்றி மேசையில் வைத்தாள். இன்னொரு தடவை கேட்டால் அதை நம்பிவிடுவோம் என்று பயமாக இருந்தது.

திங்கட்கிழமை வேலைக்குப் போகிற வழியில் பட்டறைக்குப் போனாள். பூபதி தாமிரக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார். பார்த்ததும் எழுந்தார், ஆனால் முகம் கொடுக்கவில்லை.

“காதுல இருக்கறதக் கழட்டுங்க” என்றாள்.

“ஏனுங் அம்மிணி?”

“கழட்டுங்க, சொல்றேன்.”

கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார். “ஏனுங்க, உங்க கொரலு இப்படியா இருக்கும்? கொஞ்சம் கரகரன்னு?”

“இப்படித்தான் இருக்கும். சனிக்கிழம நீங்க என்ன கேட்டீங்க?”

அவர் தாமிரக் கம்பியின் நுனியைத் திருகிக்கொண்டே நின்றார். “நீங்க கண்டுபுடிச்சிட்டீங்கன்னு தெரிஞ்சுது. அதான் மூஞ்சியக் காட்டாம வந்துட்டேன். ‘வர்றவரு தங்கமான மனுசன், போகும்போது எந்த வயர லூசா உட்டுட்டுப் போகோணும்னு அவருக்குத் தெரியும்’னீங்க. ஊரே சிரிச்சுது. நானும் சிரிச்சேன். கடைசீல ‘புது மோட்டாரு வாங்கிட்டேன்’னு சொல்லீட்டீங்க. செரி, இவ்வளவுதான்னு வந்துட்டேன்.”

“லூசா உட்டீங்களா?”

“ரெண்டு மூணு தடவ.” அவர் குரல் இறங்கியது. “ஒவ்வொரு தடவையும் இல்லீங்க.”

“வாராவாரம் நான்தான் கழட்டுனேன்!”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். எந்த வாரம் யார் கெடுத்தது என்று கணக்குப் போட முயன்று இருவருமே தோற்றார்கள். ஆடி மாதம் மோட்டார் சுத்தமாகப் புகைந்துபோனதற்குக் காரணம் இப்போதுதான் விளங்கியது. ஒரே நாளில் இரண்டு பேரும் கை வைத்திருக்கிறார்கள். பூபதி முதலில் சிரித்தார். பிருந்தாவும் சிரித்தாள். ஒரே விஷயத்துக்கு, ஒரே நேரத்தில். அது வித்தியாசமாக இருந்தது. சத்தம் கூடப் பொருந்தி வந்தது.

“தம்பி என்ன சொன்னாப்டி?” என்றார் பூபதி, சிரிப்பு அடங்கியதும்.

“எனக்கு ரூம் பாக்கறான். ஓசூர்ல.”

அவர் முகம் மாறியது. “அப்ப நேர்ல போய் சொல்லீருங்க.”

“மூஞ்சியப் பாத்து சொல்ல வராமத்தானுங்களே அந்த வகுப்புக்கே போனேன். நான் சொன்னாலும் அந்த முத்து என்னத்தக் குடுக்குமோ.”

“கழட்டச் சொல்லுங்க.”

“அவன் கழட்டி, என்னயப் பாத்து, ‘என்னம்மா?’ன்னான்னா, நான் ரசம் ஊத்தட்டுமான்னு கேட்டுப்போடுவேன்.”

அன்று சாயங்காலம் போனில் கூப்பிட்டாள். போனில் முகம் தெரியாது. அது ஒரு தைரியம். எழுதி வைத்துக்கொண்டு வாசித்தாள்.

“தர்ஷித்து, நான் ஓசூருக்கு வரல. நான் பூபதியக் கல்யாணம் பண்ணிக்கப் போறேன். உனக்குச் சம்மதமான்னு சொல்லு.”

வாசித்த தாளை மடித்துக்கொண்டாள்.

“சூப்பர்ம்மா. நானே அதத்தான் நெனச்சேன். அவர் இருந்தா ரொம்ப உதவி.”

“நெசமாவா சொல்ற?”

“ஆமா, பீரோ, கட்டில் எல்லாம் எறக்கி ஏத்தணும்ல? அவர் பட்டறைப் பசங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டு வந்தார்னா லாரி ஒரே நடையில முடிஞ்சிரும். நாள் மட்டும் சொல்லச் சொல்லு.”

“தர்ஷித்து, அந்த முத்தக் கழட்டிட்டுக் கேளுடா.”

“ஆபீஸ்ல கழட்டக் கூடாதும்மா. இது போட்டதுக்கு அப்பறம்தான் எங்க ஃப்ளோர்ல சண்டையே இல்ல. மேனேஜர் திட்டறதே பாட்டு மாதிரி இருக்கும். சரி, உடம்பப் பாத்துக்கோ. இவ்வளவு சந்தோஷமா நீ பேசிக் கேட்டே ரொம்ப நாளாச்சு.”

பிருந்தா போனை வைத்தாள். சொல்லிவிட்டாள்; அதில் சந்தேகமில்லை. அவன் சம்மதித்தும் விட்டான். எதற்குச் சம்மதித்தான் என்பதுதான் தெரியவில்லை. பூபதியிடம் போய் ‘சொல்லீட்டேன், சரிங்கறான்’ என்று சொன்னால் அதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. மனுவும் கொடுத்துவிடலாம். லாரியை எதிர்பார்த்துக்கொண்டு வருகிற பிள்ளை, வீட்டு வாசலில் மாலையைப் பார்ப்பான். அந்த முகத்துக்கு எந்த முத்து எதைப் போர்த்தும்?

மெசேஜ் அனுப்பலாமா என்று பார்த்தாள். அதையும் அவனுக்கு முத்துதான் வாசித்துச் சொல்கிறது.

மறுநாள் பெற்றோர் போன்களுக்கு நடுவே, வேன் கம்பெனியின் மேசையில் வெள்ளைத் தாளை எடுத்தாள். முதலில் எழுதியது இரண்டு பக்கம் வந்தது. அவன் அப்பாவைப் பற்றி, தனிமையைப் பற்றி, பெரியப்பா வீட்டார் என்ன சொல்வார்கள் என்பதைப் பற்றி எல்லாம் அதில் இருந்தது. எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது. தர்ஷித் படித்தது முழுக்க இங்கிலீஷ் மீடியம். தமிழ் அவனுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். இரண்டு பக்கத்தைக் கண்டால் போனைத் தாளுக்கு மேலே பிடித்து ‘இதை வாசி’ என்பான். முத்து வாசிக்கும். அம்மா ஓசூருக்கு வருகிற தேதியை அது அழகாக வாசிக்கும்.

இங்கிலீஷில் எழுதலாம். அவளுக்கு வந்த இங்கிலீஷ் ‘வேன் லேட்’ என்பதோடு சரி.

ஒரு பக்கமாகக் குறைத்தாள். அதுவும் நீளம். அவன் அப்பாவை எடுத்தாள். பெரியப்பா வீட்டாரை எடுத்தாள். தனிமையை எடுக்கத்தான் சிரமமாக இருந்தது, அதையும் எடுத்தாள். மன்னிப்புக் கேட்டிருந்த இடத்தை எடுத்தபோது, மன்னிப்புக் கேட்க அங்கே ஒன்றும் இல்லை என்பது தெரிந்தது. போன் எடுக்காமல் விட்டதற்கு முதலாளி ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கூட்டெழுத்து, கடினமான சொல் எல்லாவற்றையும் மாற்றினாள். போனை எடுப்பதைவிட வாசித்துவிடுவது சுலபம் என்று அவனுக்குத் தோன்றுகிற அளவுக்குக் குறைக்க வேண்டும். அவன் வாயால், அவன் குரலிலேயே, எழுத்தெழுத்தாக அவன் கேட்க வேண்டும்.

கடைசியில், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுதுவதுபோல் பெரிய பெரிய எழுத்தில், ஐந்து வரி மிஞ்சியது.

தர்ஷித்,
நான் ஓசூர் வரவில்லை.
நானும் பூபதியும் கல்யாணம் செய்யப் போகிறோம்.
மோட்டாரை நான்தான் கெடுத்தேன். பாதி அவர்.
அம்மா.

வாசித்துப் பார்த்தாள். சிரிப்பு வருமா என்று தெரியவில்லை. வந்தாலும் அவளுக்குக் கேட்காது. அவன் முகம் சுருங்கினால் ‘சும்மா சொன்னேன்டா’ என்று அள்ளிக்கொள்ள அவள் அங்கே இருக்கவும் மாட்டாள். ஓசூரில் ஒரு அறையில் அவன் தனியாக இதை உரக்கக் கூட்டிப் படிப்பான். அவனுக்கு வலிக்கலாம். அதைத்தான் இதுவரைக்கும் எல்லோரும் சேர்ந்து தடுத்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரையும் விட அதிகமாக அவள்.

தாளை மடித்து உறைக்குள் போட்டாள். நாக்கில் ஈரம் இல்லை. தண்ணீர் டம்ளரில் விரலை நனைத்து உறையின் வாயை ஒட்டினாள். ஓரங்களை இரண்டு தடவை அழுத்தினாள்.

சூலூர் தபால் நிலையத்தில் வரிசை இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த இளைஞன் நிமிர்ந்தான். அவன் காதிலும் முத்து இருந்தது.

“எந்த ஊருங்க?”

பிருந்தா பதில் சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டாள். உறையைத் துளைக்குள் தள்ளி, முகவரியின் மேல் விரலை வைத்துக் காட்டினாள்.

ஊமை என்று நினைத்தானோ என்னவோ, அவன் குரலைத் தணித்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக வாசித்தான். “தர்... ஷித். ஓ... சூர்.” அவள் எழுதியது எழுதியபடியே அவன் வாயில் வந்தது. ஸ்பீட் போஸ்ட் சீட்டை உறையின் மேல் ஒட்டினான். முத்திரை குத்தினான். பின்னால் திரும்பிப் பார்க்காமலே சாக்குக்குள் எறிந்தான்.